பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு திரையரங்கம்

ரஜினிகாந்த் நடித்த ‘சிவாஜி’ 2012 டிசம்பரில் முப்பரிமாணப் படமாக மீண்டும் திரைக்கு வந்தது. டால்பி அட்மாஸ் ஒலியமைப்பில் வெளியான முதல் இந்தியப் படம் அதுதான். பிக்ஸாரின் ‘பிரேவ்’ வழியாக உலகம் அந்த ஒலியை முதன்முதலில் கேட்டு அப்போது ஆறு மாதமே ஆகியிருந்தது. திரைக்குப் பின்னாலும் சுவர்களிலும் மட்டும் இருந்த ஒலிபெருக்கிகள் கூரைக்கும் ஏறின. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனால் சத்தமும் தலைக்கு மேல் போயிற்று. இரண்டே ஆண்டுகளில், 2014இல், அதே தொழில்நுட்பம் வீட்டுக் கருவிகளிலும் வந்துவிட்டது.

இன்று சைதாப்பேட்டையில் இருந்து மின்சார ரயிலிலோ மெட்ரோவிலோ கிளம்பி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகும் ஒருவர், ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கிகள், ஒயர், ஸ்டாண்டு என்று எல்லாவற்றையும் ஒரே மாலையில் வாங்கிவிடலாம். அட்டைப்பெட்டிக்குள் வராத ஒரே பொருள் அறை. காதுக்கு வந்து சேரும் ஒலியில் பெரும்பகுதி சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிய ஒலி. கண்ணுக்கு வந்து சேரும் படத்தின் கறுப்பையும் அறையில் உலவும் வெளிச்சம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே கருவிக்கு ஒதுக்கும் கவனத்தில் பாதியையாவது அறைக்கு ஒதுக்க வேண்டும். அதற்கு வேண்டிய அறிவியல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம் கையில் இருக்கிறது.

சைதாப்பேட்டையின் பஜார் ரோடு, ஜோன்ஸ் ரோடு பக்கத்துத் தெருக்களில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும். அங்கே படம் பார்க்க ஒதுக்கக் கிடைப்பது பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடிப் படுக்கையறைதான். கூரை உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, கான்கிரீட் தளம், தரையில் வழவழப்பான டைல்ஸ். இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஓர் அறைதான் நமக்குப் பரிசோதனைக்கூடம்.

ஒரு கைத்தட்டல்

கட்டில், பீரோ எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, அறை நடுவில் நின்று ஒரு முறை கை தட்டினால் ‘ட்ர்ர்ர்’ என்று ஓர் அதிர்வு பின்தொடரும். எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு இடையே ஒலி பந்தாடும் சத்தம் அது. சென்னையின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். பத்தடி இடைவெளியைக் கடந்து திரும்ப அது 6.1 மீட்டர் பயணம் செய்தாக வேண்டும். அப்படியானால் ஒரு நொடியில் 57 முறை போய் வந்துவிடும். பூச்சுச் சுவரில் ஒவ்வொரு முறை மோதும்போதும் அது இழக்கும் ஆற்றல் வெறும் இரண்டு சதவீத அளவுதான்.

இப்படி ஒலி அடங்காமல் நீடிக்கும் முழக்கத்தை முதன்முதலில் எண்ணாக மாற்றியவர் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் கட்டிய புதிய விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை. சொன்ன ஒரு சொல் ஐந்தரை நொடி வரை மண்டபத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் பேசுபவர் பல சொற்களைச் சொல்லி முடித்திருப்பார். இதைச் சரிசெய்யும் பொறுப்பு சபைனிடம் வந்தது. பகல் இரைச்சல் அடங்கிய பிறகு, இரவு நேரங்களில் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கினார். ஆர்கன் குழல் ஒன்றை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி கேட்காமல் போகும் வரை கடிகாரத்தில் நேரம் பார்த்தார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போய்விடும். அந்த இரவுகளில் பிறந்ததுதான் இன்றும் கட்டடக்கலைஞர்கள் கையாளும் சூத்திரம்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சும் திறனால் வகுத்தால் முழக்க நேரம் கிடைக்கும். உறிஞ்சும் திறனுக்கு அவர் எடுத்த அலகு திறந்த ஜன்னல். ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது அல்லவா? 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பனி ஹால் இந்தச் சூத்திரத்தை வைத்துத் திட்டமிட்ட முதல் இசையரங்கம்.

நம் அறையின் கன அளவு 34 கன மீட்டர். ஆறு பரப்புகளையும் கூட்டினால் 63 சதுர மீட்டர். எல்லாமே பூச்சும் டைல்ஸும் என்றால் மொத்த உறிஞ்சும் திறன் சதுர மீட்டர் கணக்கில் ஒன்றே காலைத் தாண்டாது. சூத்திரப்படி முழக்க நேரம் நான்கு நொடிக்கு மேல். மரக்கதவும் ஜன்னல் கண்ணாடியும் கொஞ்சம் விழுங்குவதால் நடப்பில் இது குறையும். என்றாலும், வசனம் தெளிவாகக் கேட்க வீட்டு அறைக்கு வேண்டியது 0.3 நொடியை ஒட்டிய அளவு. அதை எட்ட உறிஞ்சும் திறன் 18 சதுர மீட்டராக உயர வேண்டும்.

எட்ட முடியாத எண் இல்லை இது. பின்சுவரில் பத்தடிக்கு ஏழடி அளவுக்கு நான்கு அங்குல ராக்வூல் அடைத்துத் துணி போர்த்தினால் ஆறு. ஜன்னல் சுவர் முழுக்க மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரைச்சீலைக்கு ஏறத்தாழ நான்கு. துணி உறையிட்ட சோபாவும் அதில் அமரும் நான்கு பேரும் சேர்ந்து மூன்று, நான்கு. தரையில் கனமான கம்பளம் ஒன்றரை. பக்கச் சுவர்களில் இரண்டு சிறிய பலகைகள் ஒன்றரை. தோராயமாகப் பதினாறோ பதினேழோ வந்துவிடும்; அறைக்கு ஏற்கெனவே உள்ள திறனும் சேர்ந்தால் 18ஐ நெருங்கும். கம்பளத்துக்குப் பதில் பவானி ஜமக்காளம் விரித்தால் அழகு உண்டு. ஆனால் அது மெல்லியது, உச்ச ஸ்தாயி ஒலிகளை மட்டும்தான் கொஞ்சம் தணிக்கும்.

57 ஹெர்ட்ஸ்

கைத்தட்டல் 57 முறை போய் வந்த அதே கணக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. நொடிக்கு 57 முறை அதிரும் தாழ்ந்த ஒலி ஒன்றை அந்த அறையில் எழுப்பினால், சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் புதிதாகக் கிளம்பும் அலையும் ஒன்றோடொன்று சேர்ந்து வீங்கும். இதை நிலை அலை என்பார்கள். பன்னிரண்டடி நீளத்துக்கு இதே கணக்கு 48 ஹெர்ட்ஸ் தரும். அகலமும் உயரமும் பத்தடியாக இருக்கும் அறையிலோ 57 ஹெர்ட்ஸ் இரு திசைகளிலும் ஒரே சமயத்தில் வீங்கும். குத்துப்பாட்டின் அடித்தாளமும் வெடிச்சத்தமும் உலவும் பகுதி இதுதான். பாட்டில் எந்தத் தாளம் வந்தாலும் ‘தும் தும்’ என்று ஒரே சுருதியில் கேட்பதாகப் பலர் சொல்வார்கள். அவர்கள் கேட்பது அறையின் சுருதியை.

மிருதங்கம் இதற்கு நல்ல சோதனை. அதன் வலந்தலையில் எழும் மேல்சுரங்கள் தந்தி வாத்தியத்தைப் போல ஒழுங்கான விகிதத்தில் அமைகின்றன என்று சி.வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். தோலின் நடுவே பூசும் கருப்புச் சாந்துதான் அந்த ஒழுங்குக்குக் காரணம். மறுபக்கத் தொப்பி தாழ்ந்த ஒலி தருவது. நல்ல தனி ஆவர்த்தனப் பதிவு ஒன்றை ஓடவிட்டால், வலந்தலையின் தெளிவு முழக்கத்தில் கரைகிறதா, தொப்பியின் கும்காரம் உரிய நேரத்தில் அடங்குகிறதா என்று காதே சொல்லிவிடும்.

கடையில் விற்கும் இரண்டு அங்குல ஃபோம் ஓடுகளால் இந்த வீக்கத்தை ஒன்றும் செய்ய முடியாது. சுவரை ஒட்டிய பொருள் நன்றாக உறிஞ்ச வேண்டுமென்றால் அதன் தடிமன் அலைநீளத்தில் கால்பங்கை நெருங்க வேண்டும். 57 ஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கு ஐந்தடி! அறையே போய்விடும். மலிவான மருந்து, இடம் மாற்றுவது. முதல் நிலை அலையின் அழுத்தம் சுவரோரம் உச்சத்திலும் நடுவில் பூஜ்யத்திலும் இருக்கும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டினால் 48 ஹெர்ட்ஸ் காதை அடைக்கும். சரியாக அறை நடுவில், ஆறாவது அடியில் போட்டால் அதே ஒலி காணாமல் போகும். முன்சுவரில் இருந்து ஏழரை அடி என்பது இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல இடம்.

தாழ்ந்த ஒலிக்கான பெட்டியான சப்வூஃபரை மூலையில் வைத்தால் எல்லா நிலை அலைகளும் ஒன்றாகக் கிளம்பும். அதற்கு இடம் தேட எளிய வழி உண்டு. அதைத் தற்காலிகமாக சோபா மேல் ஏற்றிவைத்து, தாழ்ந்த சுரம் உள்ள பாட்டொன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேட்க வேண்டும். தாளம் எங்கே சமமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்கலாம். பணம் இருந்தால் இரண்டு சிறிய சப்வூஃபர்கள் ஒரு பெரியதைவிட மேல். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் செய்த ஆய்வு இதைக் கணக்கிட்டுக் காட்டியது. இரண்டு பக்கச் சுவர்களின் நடுவில் எதிரெதிரே வைத்தால், அகலவாக்கில் எழும் முதல் நிலை அலையை ஒன்று தள்ள மற்றொன்று அழிக்கும். நம் அறையில் அகலமும் உயரமும் சேர்ந்து போட்ட கூட்டு அப்போது உடைகிறது. நீளவாக்கின் நடுப்புள்ளியிலேயே அவை நிற்பதால் 48 ஹெர்ட்ஸும் அதிகம் கிளம்பாது.

வசனம் எங்கிருந்து வர வேண்டும்

1931இல் லண்டன் திரையரங்கு ஒன்றில் மனைவியோடு படம் பார்த்தார் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர். நடிகர் திரையின் ஒரு கோடியில் நிற்க, குரல் வேறெங்கிருந்தோ வந்தது. இதற்கு ஒரு வழி தன்னிடம் இருப்பதாக அவர் மனைவியிடம் சொன்னதாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் தாக்கல் செய்த காப்புரிமைதான் ஸ்டீரியோவின் அடிப்படை. 5.1 ஒலியமைப்பின் ஐந்து ஒலிபெருக்கிகளில் ஒன்றான நடு ஒலிபெருக்கி, புளூம்லைனை உறுத்திய அதே குறையைத் தீர்க்கவே இருக்கிறது. படத்தின் வசனத்தில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது.

‘பாட்டு காதைப் பிளக்கிறது, பேச்சு புரியவில்லை’ என்ற புகார் எழும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பெட்டியை. டிவி ஷோகேஸின் அறைக்குள் தள்ளி வைத்திருந்தால் மரப்பலகைகளில் பட்டுக் குரல் குழம்பும். அதைப் பலகையின் விளிம்பு வரை முன்னுக்கு இழுத்து, முகத்தை அமர்ந்திருப்பவரின் காதை நோக்கிச் சற்று நிமிர்த்தினாலே பாதிக் குறை தீரும்.

55 அங்குல டிவியின் அகலம் 1.22 மீட்டர். கண்ணில் அது 30 பாகைக் கோணத்தை நிரப்ப, ஏழரை அடி தொலைவில் அமர வேண்டும். தாழ்ந்த ஒலி காட்டிய இடமும் அதுவே என்பது இந்த அறைக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அங்கிருந்து பார்த்தால் இடது, வலது ஒலிபெருக்கிகளை நடுக்கோட்டில் இருந்து 22 முதல் 30 பாகைக்குள் வைக்கச் சொல்கிறது டால்பி. 30 பாகையில் வைத்தால் அவை சுவரை இடிக்கும். 25 பாகை என்றால் டிவியின் நடுவில் இருந்து இருபுறமும் மூன்றரை அடி, சுவருக்கு ஒன்றரை அடி இடைவெளி. பக்கவாட்டு ஒலிபெருக்கிகள் அமர்ந்தவரின் காதுக்கு நேர் பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ, காதை விடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தால் போதும்.

பக்கச் சுவரில் எந்த இடத்தில் உறிஞ்சும் பலகை மாட்டுவது? ஒருவர் சோபாவில் அமர, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சுவரில் ஒட்டி நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அமர்ந்தவருக்குக் கண்ணாடியில் எங்கே ஒலிபெருக்கி தெரிகிறதோ அங்கேதான் ஒலியின் முதல் எதிரொலிப்பும் நிகழ்கிறது. ஒளியும் ஒலியும் படும் கோணத்திலேயே திரும்புவதால் இந்த உத்தி பிசகாது. முதல் ஒலிக்குப் பின் சில மில்லிநொடிகளில் வரும் எதிரொலியை மூளை தனி ஒலியாகக் கொள்ளாமல் முதலோடு சேர்த்துவிடும் என்று ஹெல்முட் ஹாஸ் 1949இல் காட்டினார். எதிரொலி கேட்பதில்லை, குரலின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறது.

அட்மாஸுக்கு வரும்போது சென்னை வீட்டில் ஒரு தடை உண்டு: மின்விசிறி. கூரையில் பட்டுத் திரும்பும்படி மேல்நோக்கி ஒலி வீசும் பெட்டிகளை வாங்கினால், சுழலும் இறக்கைகள் அந்த அலையை வெட்டி வெட்டி விடும். கூரையிலேயே பொருத்தும் சிறிய ஒலிபெருக்கிகள் இங்கே பொருத்தம். விசிறியின் வட்டத்துக்கு வெளியே அவற்றுக்கு இடம் குறிக்க வேண்டும்.

பொதுச்சுவர்

உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. சுவரில் ஃபோமோ முட்டை அட்டையோ ஒட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உறிஞ்சும் பொருள் மென்மையும் துளைகளும் கொண்டது. தடுக்கும் பொருளுக்கு எடை வேண்டும். சுவரின் எடை இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். முட்டை அட்டைக்கு அந்த எடை இல்லை, தீப்பற்றும் அபாயம் மட்டும் உண்டு.

இருபுறமும் பூசிய நான்கரை அங்குலச் செங்கல் சுவர் பேச்சொலியைச் சுமார் 45 டெசிபல் தடுக்கும். அந்தச் சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத் தடுப்பும் 20 டெசிபலுக்கு இறங்கிவிடும். வெண்டிலேட்டர், கதவுக்கடியில் விரல் அளவு சந்து, ஏசி குழாய்க்குத் துளைத்த ஓட்டை: ஒலி அங்கேதான் வெளியேறுகிறது. ரப்பர் பீடிங்கும் கதவின் அடியில் ஒரு பட்டையும் சில நூறு ரூபாயில் செய்யும் வேலையை, ஆயிரக்கணக்கில் வாங்கும் ஃபோம் செய்யாது. இதே வேலை வெளியில் இருந்து உள்ளே வரும் பேருந்து ஹாரனையும், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமான இரைச்சலையும் குறைக்கும்.

திரையரங்கில் ஒரு ஒலிபெருக்கியின் உச்சம் 105 டெசிபல் என்பது தொழில்முறை அளவு. நல்ல ஆம்ப்ளிஃபயர்களில் வால்யூம் பூஜ்யம் என்று காட்டினால் அந்த அளவு. 105இல் 45ஐக் கழித்தால் பக்கத்து வீட்டில் 60. இந்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என வரம்பு வைத்திருக்கின்றன. அது வெளிப்புறச் சராசரிக்கான அளவு என்றாலும் நல்ல வழிகாட்டி. இரவுக் காட்சிக்கு வால்யூம் மைனஸ் 15க்குக் கீழே இருக்கட்டும். தாழ்ந்த ஒலியை அதே சுவர் இன்னும் குறைவாகவே தடுக்கும் என்பதால் சப்வூஃபரைத் தனியாகக் குறைத்து, அதன் அடியில் தடித்த ரப்பர் அட்டையும் வைக்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் இருக்கும் ‘நைட் மோட்’ வெடிச்சத்தத்தை அமுக்கி வசனத்தை உயர்த்தித் தரும். சுவருக்கு அப்பால் குழந்தை தூங்கும் தெருவில் இந்தப் பொத்தான் இன்றியமையாதது.

கறுப்பு எங்கிருந்து வருகிறது

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது; ஒளியை வீசாமல் இருக்க மட்டுமே முடியும். திரையில் தெரியும் கறுப்பு, அறை எவ்வளவு இருட்டோ அவ்வளவுதான்.

நூறு அங்குலத் திரையின் பரப்பு 2.76 சதுர மீட்டர். ஆயிரம் லூமன் ஒளியை அதில் வீசினால் சாதாரண வெள்ளைத் திரை 115 நிட் வெளிச்சம் தரும். டிஜிட்டல் திரையரங்குகளுக்கான அளவே 48 நிட்தான் என்பதால் இது தாராளம். இப்போது ஜன்னல் திரையை விலக்கி 100 லக்ஸ் பகல் வெளிச்சத்தைத் திரைமேல் விழவிட்டால், கறுப்பாக இருக்க வேண்டிய இடமும் 32 நிட் ஒளிரும். வெள்ளை 147, கறுப்பு 32. ஆயிரத்துக்கு ஒன்று என்றிருக்க வேண்டிய வேறுபாடு ஐந்துக்கு ஒன்றுகூட இல்லாமல் சுருங்கிவிட்டது. கூடுதல் லூமன் கொண்ட புரொஜெக்டர் வாங்கும் முன், ஜன்னலுக்கு இரட்டைத் திரைச்சீலை வாங்குவது இதனால்தான் புத்திசாலித்தனம். முழக்கத்தைக் குறைக்கத் தொங்கவிட்ட அதே கனத்த சீலை இங்கேயும் உழைக்கும்.

ஜன்னலை மூடிய பிறகும் ஒரு வெளிச்சம் மிஞ்சும். திரையில் இருந்து கிளம்பும் ஒளி வெள்ளைச் சுவரிலும் வெள்ளைக் கூரையிலும் பட்டுத் திரும்பவும் திரையிலேயே விழும். திரையை ஒட்டிய மூன்று நான்கடிக் கூரைக்கும் பக்கச் சுவர்களுக்கும் பளபளப்பு இல்லாத கரும்சாம்பல் பெயின்ட் அடித்தால் இது அடங்கும். நீலமோ மெரூனோ அடித்தால் அந்தச் சாயலைக் கண் கழித்துப் பார்க்க முயன்று, படத்தின் நிறங்களைத் தவறாக எடைபோடும்.

டிவி வைத்திருப்பவருக்கு வழி வேறு. கும்மிருட்டில் பளிச்சென்ற டிவியைப் பார்த்தால், இருட்டுக் காட்சிக்கும் வெளிச்சக் காட்சிக்கும் மாறி மாறிக் கண் தன்னைப் பழக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் சோர்வு வரும். டிவிக்குப் பின்னால் சுவரை நோக்கி ஓர் எல்இடி பட்டை ஒட்டினால் இது தீரும். அதன் நிறம் 6500 கெல்வின் பகல் வெள்ளையாகவும், வெளிச்சம் டிவியின் உச்ச வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகவும் இருக்க வேண்டும். படங்களுக்கு நிறம் சேர்க்கும் ஸ்டூடியோ மானிட்டர்களின் வெள்ளையும் இந்த 6500 கெல்வின்தான். மஞ்சள் பட்டை ஒட்டினால் கண் மஞ்சளுக்குப் பழகி, திரையில் முகங்கள் நீலம் பாரித்துத் தெரியும். சுற்றிலும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போது கறுப்பு இன்னும் கறுப்பாகத் தோன்றுவதும் கண்ணின் இயல்பு. டிவியின் பட அமைப்பில் ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்த வெள்ளையோடு அது ஒத்துப்போகும்.

மற்ற விளக்குகளில் ஒரே விதி: பல்பு திரையில் பிரதிபலிக்கக் கூடாது. கூரையின் நடு விளக்குக்குப் பதில், அமருமிடத்துக்குப் பின்னால் டிம்மர் வைத்த இரண்டு சுவர் விளக்குகள், நடக்கும் வழியில் முழங்காலுக்குக் கீழே ஒரு சிறு விளக்கு போதும்.

காற்று, மின்சாரம், தண்ணீர்

கதவையும் ஜன்னலையும் அடைத்த அறையில் சித்திரை மாதத்தில் ஏசி இல்லாமல் உட்கார முடியாது. வாங்கும்போது உள்யூனிட்டின் குறைந்த வேக இரைச்சல் எத்தனை டெசிபல் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் கிசுகிசுப்பும் மழைத்தூறலும் படத்தில் இருந்தும் இல்லாதவைதான். ஒலிபெருக்கியில் விடாமல் ‘ம்ம்ம்’ என்று கேட்டால் அது 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் மின்சார முனகல். கேபிள் டிவி ஒயரைக் கழற்றியதும் நின்றால், இரண்டு வேறு எர்த் இணைப்புகள் மோதுகின்றன என்று பொருள். எல்லாக் கருவிகளையும் ஒழுங்கான எர்த் உள்ள ஒரே பிளக் பாயிண்டில் இணைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

அடையாற்றங்கரைத் தெருக்களில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஆம்ப்ளிஃபயரும் பிளக் பாயிண்டும் இடுப்புயரத்தில் இருக்கட்டும். ராக்வூல் பலகையைத் தரையில் இருந்து ஓரடி உயர்த்தி, சுவருக்கும் அதற்கும் நடுவில் விரல்கடை இடைவெளி விட்டு மாட்டினால் மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்காது. அந்த இடைவெளி தாழ்ந்த ஒலியை உறிஞ்சவும் கொஞ்சம் உதவும்.

கடைசி வேலை, ஆம்ப்ளிஃபயரோடு வரும் சிறிய மைக்கை அமர்பவரின் காது உயரத்தில் வைத்துத் தானியங்கிச் சீரமைப்பை ஓடவிடுவது. அது ஒவ்வொரு பெட்டியின் தொலைவையும் அளந்து ஒலிகளை ஒரே நேரத்தில் சேர்க்கும்; வீங்கி நிற்கும் 57 ஹெர்ட்ஸைக் குறைக்கும். நிலை அலையின் பள்ளத்தில் சோபா கிடந்தால் அதை நிரப்ப அதனால் முடியாது; எவ்வளவு சக்தி கொடுத்தாலும் திரும்பி வரும் அலை அதை அழித்துவிடும். நான்கு நொடி முழக்கத்தையும் எந்த மென்பொருளாலும் சுருக்க முடியாது. சோபாவை நகர்த்தி, சீலையைத் தொங்கவிட்டு, கதவுச் சந்தை அடைத்த பிறகு ஓடவிட்டால், அந்த மைக் திருத்த வேண்டியது மிகக் கொஞ்சமே இருக்கும்.